டிரைசால் வாங்கலாமா? புற்றுத் திசுவில் நீள் ஆர்.என்.ஏ. அளக்கும் டெல்டா ஆய்வகங்களுக்கு ஒரு மதிப்பீடு

திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரை உயிர்வேதியியல், உயிரித்தொழில்நுட்பம் நடத்தும் கல்லூரி எதுவானாலும், ஆர்.என்.ஏ. வேலை என்று முடிவானதும் முதலில் கொட்டேஷன் கேட்கப்படுவது டிரைசாலுக்குத்தான். திசுவிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் இளஞ்சிவப்புத் திரவம், 100 அல்லது 200 மில்லி பாட்டில், ஒரு சாம்பிளுக்கு 1 மில்லி. சாதாரண ஜீன் ஒன்றின் அளவைப் பார்ப்பதற்கு இது போதும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இங்கே கேள்வி வேறு. வாய்ப் புற்று, மார்பகப் புற்று போன்ற திசுக்களில் நீள் குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்களை அளக்க இந்தப் பாட்டில் போதுமா?

புதிதாக எடுத்த திசு, உறைய வைத்த திசு, வளர்ப்பு செல் ஆகியவற்றுக்குத் தாராளமாக வாங்கலாம். பிளாஸ்மாவுக்கு இதன் தம்பியான டிரைசால் எல்.எஸ். வேண்டும். ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்குக்கு வாங்காதீர்கள், பணம் வீண். திசுவுக்கு வாங்கினாலும் சில நீள் ஆர்.என்.ஏ.க்கள் அட்டையில் போட்ட முறைப்படி செய்தால் பாதிகூட வெளியே வராது. அதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால்தான் இந்த மதிப்பீடு இவ்வளவு நீளம்.

அளக்கப் போகும் பொருளைப் பற்றிக் கொஞ்சம். மனித டி.என்.ஏ.வில் புரதத்துக்கான குறியீடு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. மீதியிலிருந்தும் ஏராளமாக ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. அதில் 200 நியூக்ளியோடைடுக்கு மேல் நீளமுள்ளதை, புரதமாக மாறாததை, நீள் குறியீடற்ற ஆர்.என்.ஏ. என்று பிரித்தார்கள். புற்றுநோயில் இவற்றின் வேலை பலவிதம். 2007இல் அடையாளம் காணப்பட்ட ஹாட்டேர், பன்னிரண்டாம் குரோமோசோமில் பிறந்து, பி.ஆர்.சி.2 என்ற புரதக் கூட்டத்தோடு சேர்ந்து வேறு இடத்து ஜீன்களை அடைக்கிறது என்று சொல்லப்பட்டது. மார்பகப் புற்றில் அது மிகுந்திருந்தால் நோய் பரவும் வாய்ப்பும் மிகுதி என்று 2010இல் ஆய்வு வந்தது. 2003இல் நுரையீரல் புற்றில் கண்ட மாலட்1 பெரும்பாலான செல்களில் குவிந்து கிடக்கும். மெக்3 பல கட்டிகளில் குறைந்துவிடும். நீட்1 செல்லின் உட்கருவுக்குள் பாராஸ்பெக்கிள் என்ற புள்ளிகளுக்குச் சட்டம்போல நிற்கும். இந்த ஆர்.என்.ஏ.க்கள் பெரும்பாலும் உட்கருவுக்குள்ளேயே, புரதத்தோடு ஒட்டிக் கிடக்கின்றன. டிரைசாலை இவற்றுக்காக மதிப்பிடும்போது மறக்கக்கூடாத விஷயம் இதுதான்.

பாட்டிலுக்குள் இருப்பது ரகசியம் இல்லை. ஃபீனால், குவானிடின் தயோசயனேட், அமோனியம் தயோசயனேட், அமில நிலையில் வைக்க சோடியம் அசிடேட், கொஞ்சம் கிளிசரால், ஒரு சாயம். 1987இல் சோம்சின்ஸ்கியும் சாக்கியும் வெளியிட்ட ஒற்றைப் படி முறையின் தொடர்ச்சி. குவானிடின் புரதங்களை உடனே கலைத்துப்போடும், ஆர்.என்.ஏ.வைத் தின்னும் ஆர்.என்.ஏஸ் நொதியையும் சேர்த்து. அமில பி.எச்.சில் டி.என்.ஏ. ஃபீனால் பக்கமும் நடு அடுக்கிலும் தங்கிவிடும், ஆர்.என்.ஏ. மேலே நீர் அடுக்கில் நிற்கும். அந்த அமிலத் தன்மை போனால் எல்லாம் போச்சு. நல்ல நிலையில் உள்ள டிரைசால் இளஞ்சிவப்பாக இருக்கும். பழுப்பேறினால் ஃபீனால் கெட்டுவிட்டது என்று அர்த்தம், கொட்டிவிடுங்கள். அறை வெப்பத்தில் வைக்கலாம் என்பதெல்லாம் குளிர்ப் பிரதேசக் கணக்கு. சித்திரை, வைகாசியில் நம் ஸ்டோர் ரூம் வெயிலில் அப்படி வைக்கவே கூடாது. 2 முதல் 8 டிகிரியில், வெளிச்சம் படாமல் வையுங்கள்.

இனி, டெல்டாவில் இந்தப் பாட்டிலின் பெயரைக் கெடுப்பது எது என்றால், பெரும்பாலும் பாட்டில் திறப்பதற்கு முந்தைய நேரம்தான். திசு அறுவை அரங்கில் எடுக்கப்படுகிறது. ஆய்வகம் இன்னொரு ஊரில் இருக்கிறது. திருவாரூரிலோ நாகையிலோ எடுத்த பயாப்ஸி தஞ்சைக்கோ திருச்சிக்கோ வந்து சேர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம். வெற்றிலை, சீவல், புகையிலை போடும் பழக்கத்தால் இங்கே வாய்ப் புற்றுத் திசு கிடைப்பது அதிகம். வெற்றிலையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பாக்கே புற்று உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பு வகைப்படுத்தியது, புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம். வாய்த் திசுவோடு எச்சிலும் வரும். எச்சிலில் ஆர்.என்.ஏஸ் நிறைய. ஆகவே எடுத்த துண்டைக் குளிர்ந்த சலைனில் ஒருமுறை அலசி, வடித்தாள் மேல் ஒற்றி, அதன் பிறகே பாதுகாக்க வேண்டும். மின்கத்தியால் கருகிய ஓரத்தை எடுத்துக்கொண்டு வந்தால் எந்தக் கரைசலாலும் காப்பாற்ற முடியாது. சாதாரணக் கத்தியால் அல்லது பஞ்ச்சால் எடுக்கச் சொல்லி டாக்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். நோயாளியின் ஒப்புதல் படிவமும் நெறிமுறைக் குழு அனுமதியும் இதற்கு முன்பே கையில் இருந்தாக வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பாதுகாப்பதற்கு மூன்று வழி. திரவ நைட்ரஜன் இருந்தால் அதில் போடுவதே முதல் தரம். டெல்டாவில் அது கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். கால்நடை மருந்தகங்களில் சினை ஊசிக் குச்சிகளை வைத்திருக்கும் கேன்களில் அதுதான் இருக்கிறது. அவர்களுக்கு வரும் சப்ளையரிடமே ஆய்வகத்துக்கும் ஒரு கேன் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது, ஆர்.என்.ஏ. லேட்டர் கரைசல். துண்டின் ஒரு பக்கமாவது அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் கரைசல் உள்ளே போவதற்குள் நடுப்பகுதி கெட்டுவிடும். திசுவின் எடைக்கு ஐந்து முதல் பத்து மடங்கு கரைசல். இதில் 25 டிகிரியில் ஒரு வாரம், 4 டிகிரியில் ஒரு மாதம் தாங்கும், 37 டிகிரியில் ஒரே ஒரு நாள்தான். கோடையில் பஸ்ஸில் கொண்டுவருபவர்கள் அந்த ஒரு நாள் கணக்கை மனதில் வையுங்கள், ஐஸ் டப்பா இல்லாமல் கிளம்பாதீர்கள். மூன்றாவது வழி, அரங்கத்திலேயே டிரைசாலில் போட்டு அரைத்துவிடுவது. அரைக்காமல் முழுத் துண்டாக டிரைசாலில் மிதக்க விட்டுக் கொண்டுவருவது மட்டும் வேண்டாம். ஃபீனால் மேல் பரப்பை விறைக்கவைக்கும், உள்ளே ஆர்.என்.ஏஸ் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

அரைப்பதற்கு 1 மில்லி டிரைசாலுக்கு 50 முதல் 100 மில்லிகிராம் திசு. கூடுதலாகப் போட்டால் கூடுதல் ஆர்.என்.ஏ. கிடைக்கும் என்பது தப்பான கணக்கு. புரதமும் டி.என்.ஏ.வும் அளவுக்கு மீறி நடு அடுக்கு தடித்து, மேல் அடுக்கோடு கலந்து வரும். வாய்ச் சவ்வு, நாக்குத் தசை இரண்டும் முரட்டுத் திசு. பீங்கான் உரலில் திரவ நைட்ரஜன் ஊற்றிப் பொடியாக்கி, பொடி உருகுவதற்கு முன்பே டிரைசாலில் போட வேண்டும். மணி போட்டுக் குலுக்கும் ஹோமோஜெனைசர் இருந்தால் இன்னும் நல்லது, ஒவ்வொரு சுற்றுக்கு நடுவிலும் ஐஸில் வையுங்கள். ஆர்.என்.ஏ. லேட்டரில் இருந்த திசு ரப்பர்போல இருக்கும், மேலே உப்பு ஒட்டியிருக்கும். நன்றாக ஒற்றி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

அரைத்த கலவையை அறை வெப்பத்தில் 5 நிமிடம் விட்டு, 1 மில்லி டிரைசாலுக்கு 0.2 மில்லி குளோரோஃபார்ம் ஊற்றி, மூடியை அழுத்தி மூடி, 15 விநாடி கையால் வேகமாகக் குலுக்கி, 2 முதல் 3 நிமிடம் நிற்க விடுங்கள். வோர்டெக்ஸில் நீண்ட நேரம் சுற்றினால் டி.என்.ஏ. துண்டு துண்டாகி மேலே ஏறிவிடும். பிறகு 4 டிகிரியில் 12,000 ஜி, 15 நிமிடம். இந்த 4 டிகிரிக்குப் பதில் அறை வெப்பத்தில் சுற்றினால் ஃபீனாலும் டி.என்.ஏ.வும் மேல் அடுக்கில் கொஞ்சம் தங்கும். குளிர் சென்ட்ரிஃபியூஜ் இல்லாத கல்லூரிகள், குளிர் அறை இருந்தால் சின்ன மெஷினை உள்ளே வைத்து ஓட்டலாம். ஜி என்பது சுழலும்போது கிடைக்கும் விசை, அது நிமிடச் சுற்றான ஆர்.பி.எம். இல்லை என்பதிலும் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள். ரோட்டர் ஆரம் 6 செ.மீ. என்றால் 12,000 ஆர்.பி.எம். தருவது சுமார் 9,660 ஜிதான். ஆரம் 8.4 செ.மீ. என்றால் அதே சுற்று 13,500 ஜி தரும். மெஷினின் மூடியில் ஆரம் எழுதியிருக்கும், ஒருமுறை கணக்குப் போட்டு பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

இப்போது டியூப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். கீழே சிவப்பு, நடுவில் பாலாடைபோல ஒரு வெள்ளை, மேலே தெளிந்த நீர். மேல் நீர் ஏறக்குறைய பாதி அளவு இருக்கும். முழுவதையும் உறிஞ்ச ஆசைப்படாதீர்கள். 400 முதல் 450 மைக்ரோலிட்டர் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுங்கள். பைபெட் நுனியை டியூப்பின் பக்கவாட்டில் வைத்து, மேலிருந்து மெதுவாக இறக்கிக்கொண்டே வாருங்கள். வெள்ளை அசைந்தால் நிறுத்துங்கள். இந்த ஒரு இடத்தில் காட்டும் பொறுமை மிச்சப்படுத்தும் வேலை கொஞ்சநஞ்சம் இல்லை.

எடுத்த நீரோடு 0.5 மில்லி ஐசோபுரோப்பனால் சேர்த்து 10 நிமிடம் விட்டு, 4 டிகிரியில் 12,000 ஜி, 10 நிமிடம். அடியில் வெள்ளைப் படிவு தெரியும், சின்ன பயாப்ஸியில் தெரியாமலும் போகலாம். தெரியாது என்று தோன்றினால் ஐசோபுரோப்பனால் ஊற்றும்போதே 5 முதல் 10 மைக்ரோகிராம் கிளைகோஜன் சேருங்கள். மேல் திரவத்தை வடித்து, 75 சதவீத எத்தனால் 1 மில்லியில் அலசி 7,500 ஜி, 5 நிமிடம். புற்றுத் திசுவுக்கு இந்த அலசலை இரண்டு முறை செய்யச் சொல்வோம். ஒருமுறை அலசினால் குவானிடின் உப்பு ஒட்டிக்கொண்டு வருவது கண்கூடு. 5 முதல் 10 நிமிடம் காற்றில் உலர்த்துங்கள். கோடையில் ஃபேனுக்குக் கீழே வைத்தால் இரண்டு மூன்று நிமிடத்திலேயே காய்ந்து கண்ணாடியாகிவிடும், பிறகு கரையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே படிவு கால் மணி நேரம் ஈரமாக நிற்கும். கடிகாரத்தைப் பார்க்காமல் படிவின் ஓரத்தைப் பாருங்கள், திரவத் துளி போய் ஓரம் மட்டும் தெளியத் தொடங்கும்போது தண்ணீர் ஊற்றுங்கள். ஆர்.என்.ஏஸ் இல்லாத தண்ணீர் 20 முதல் 50 மைக்ரோலிட்டர், 55 முதல் 60 டிகிரியில் 10 நிமிடம்.

அந்தத் தண்ணீரை வாங்கிவிடுவதுதான் நல்லது. கல்லூரி போர் தண்ணீரைக் காய்ச்சி வடித்து ஆட்டோகிளேவ் செய்தால் ஆர்.என்.ஏஸ் சாகாது, அது வெப்பத்தை அவ்வளவு தாங்கும் நொதி. சொந்தமாகத் தயாரித்தே ஆக வேண்டும் என்றால் ஆர்.என்.ஏஸை முடக்கும் ரசாயனமான டி.இ.பி.சி.யை 0.1 சதவீதம் கலந்து இரவு முழுதும் 37 டிகிரியில் வைத்து, பிறகு ஆட்டோகிளேவ் செய்து டி.இ.பி.சி.யை விரட்ட வேண்டும். டிரிஸ் கலந்த கரைசலில் டி.இ.பி.சி. போடக்கூடாது, இரண்டும் வினைபுரிந்து பயனற்றுப் போகும்.

மேலே சொன்ன முறையில் நீட்1 முழுதாக வராது. 2017இல் ஜப்பான் ஆய்வாளர்கள் இதை நிரூபித்துக் காட்டினார்கள். உட்கருவுக்குள் சட்டமாக நிற்கும் ஆர்.என்.ஏ.க்கள் புரதத்தோடு இறுகப் பின்னிக்கொண்டு, டிரைசாலில் குளோரோஃபார்ம் ஊற்றிய பிறகும் நடு அடுக்கிலேயே தங்கிவிடுகின்றன. வழக்கமான முறையில் வருவதைவிட ஏறத்தாழ இருபது மடங்கு வரை நீட்1 வெளியே வந்தது, இரண்டே மாற்றத்தில்: டிரைசால் கலவையை 55 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்குவது, அல்லது மெல்லிய ஊசி வழியே பல முறை இழுத்துத் தள்ளுவது. இது சின்ன விஷயம் இல்லை. ஒரு ஆய்வகம் சூடாக்கியும், இன்னொரு ஆய்வகம் சூடாக்காமலும் அதே கட்டியில் நீட்1 அளந்தால் முடிவு எதிரெதிராக வரும். கட்டித் திசு, பக்கத்துத் திசு இரண்டுக்கும் அரைப்பதில் வித்தியாசம் இருந்தாலும் அதுவே நோயின் அடையாளம்போலத் தோன்றிவிடும். குளோரோஃபார்ம் ஊற்றுவதற்கு முன் எல்லா சாம்பிள்களுக்கும் 55 டிகிரி, 10 நிமிடம் என்று ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள். ஹீட் பிளாக் ஒன்று போதும். டிரைசாலுக்கு எங்கள் பெரிய குறை இதுதான். பெட்டியோடு வரும் கையேடு சராசரி ஆர்.என்.ஏ.வை நினைத்து எழுதப்பட்டது, இந்த வேலைக்கு அதை அப்படியே பின்பற்றினால் நஷ்டம்.

இரண்டாவது பிரச்சினை டி.என்.ஏ. கலப்பு. புரத ஜீன் அளப்பவர்கள், பி.சி.ஆர். பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு இழையான பிரைமரை இரண்டு எக்ஸான் (ஆர்.என்.ஏ.வில் ஒட்டவைக்கப்படும் ஜீன் துண்டு) எல்லையில் வைத்துத் தப்பித்துவிடுவார்கள். மாலட்1 கிட்டத்தட்ட ஒரே எக்ஸானாக வருகிறது, அந்தத் தப்பிக்கும் வழி அடைபட்டுவிடுகிறது. ஹாட்டேர் செல்லுக்குச் சில பிரதிகளே இருக்கும், சி.டி. மதிப்பு, அதாவது பி.சி.ஆரில் சிக்னல் தெரியத் தொடங்கும் சுற்று எண், 30க்கு மேல் போகும். அங்கே துளி டி.என்.ஏ. கலந்தாலும் அதுதான் ஹாட்டேர் என்று காட்டும். ஆகவே டிரைசாலில் எடுத்த ஆர்.என்.ஏ.வுக்கு, டி.என்.ஏ.வைத் தின்னும் டி.என்.ஏஸ் நொதியால் சிகிச்சை கட்டாயம்: 1 மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ.வுக்கு 1 யூனிட், 37 டிகிரியில் 30 நிமிடம், பிறகு இ.டி.டி.ஏ. சேர்த்து 65 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கி நொதியை நிறுத்த வேண்டும். இ.டி.டி.ஏ. இல்லாமல் சூடாக்கினால் ஆர்.என்.ஏ.வே உடையும். ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக நகலெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி போடாத ஒரு டியூப்பும் ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஓட வேண்டும். போட்டதற்கும் போடாததற்கும் சி.டி. வித்தியாசம் குறைந்தது 5, முடிந்தால் 7. அதற்குக் கீழே வந்தால் அந்த சாம்பிளின் எண்ணை அட்டவணையில் ஏற்றாதீர்கள்.

அந்த நகலான சி.டி.என்.ஏ. செய்யும்போது, ஆர்.என்.ஏ.வின் ஏ வாலில் ஒட்டும் ஒலிகோ டி.டி. பிரைமரை மட்டும் நம்பக்கூடாது. மாலட்1இன் கடைசி முனையில் வழக்கமான ஏ வால் கிடையாது, மூன்று இழை பின்னிய வேறொரு அமைப்பு அதைக் காக்கிறது. நீட்1இன் நீளமான வடிவமும் அப்படியே. எங்கும் ஒட்டக்கூடிய ஆறு எழுத்துப் பிரைமரான ரேண்டம் ஹெக்ஸமர் பயன்படுத்துங்கள், அல்லது இரண்டையும் கலந்து. ஆன்ரில் மாதிரி இன்னொரு ஜீனோடு எதிர்த்திசையில் பின்னிக் கிடக்கும் ஆர்.என்.ஏ. என்றால் ஹெக்ஸமரும் ஏமாற்றும், எந்த இழையிலிருந்து வந்தது என்று அது பிரித்துச் சொல்லாது. அதற்குத் திசை பார்த்த பிரைமரைத் தனியாக வடிவமைத்து வாங்க வேண்டும்.

தரம் பார்ப்பது பற்றிச் சுருக்கமாக. ஒளி உறிஞ்சலை அளக்கும் நானோட்ராப்பில் 260க்கு 280 (நானோமீட்டர்) விகிதம் 2ஐ ஒட்டி, 260க்கு 230 விகிதம் 1.8க்கு மேல். இரண்டாவது விகிதம் 1க்குக் கீழே போனால் குவானிடின் தங்கியிருக்கிறது, எத்தனாலில் இன்னொரு முறை படிய வையுங்கள். வளைவின் உச்சி 270 பக்கம் சாய்ந்தால் ஃபீனால். நார்த்தன்மையுள்ள திசுவில் படிவு ஜெல்லிபோல வழவழத்தால் சர்க்கரைச் சங்கிலி ஒட்டிய புரதமான புரோட்டியோகிளைகான் வந்திருக்கிறது. அடுத்த முறை ஐசோபுரோப்பனாலை 0.25 மில்லியாகக் குறைத்து, மீதி 0.25 மில்லிக்கு 0.8 மோலார் சோடியம் சிட்ரேட், 1.2 மோலார் உப்பு கலந்த கரைசல் சேருங்கள், அது தனியாகிவிடும். அகரோஸ் ஜெல்லில் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் 28எஸ் பட்டை 18எஸ் பட்டையைப்போல இரண்டு மடங்கு தடிமனாக இருக்கிறதா என்று பார்ப்பது பழைய வழி, இன்றைக்கும் நல்ல வழி. ஆர்.என்.ஏ. உடையாமல் இருப்பதற்கு 10க்கு மதிப்பெண் போடும் ரின் மதிப்பை வெளியே அனுப்பிப் பார்த்தால் 7க்கு மேல் வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் டிரைசாலுக்கு நல்ல மார்க். வேலையை நடுவில் நிறுத்தக்கூடிய இடங்கள் இதில் இருக்கின்றன. அரைத்த கலவை 4 டிகிரியில் ஒரு இரவு, மைனஸ் 20இல் ஒரு வருடம் வரை தாங்கும். 75 சதவீத எத்தனாலில் மூழ்கிய படிவு 4 டிகிரியில் ஒரு வாரம், மைனஸ் 20இல் ஒரு வருடம். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மைனஸ் 80இல் வெறும் திசுவாக வைத்திருந்தால் அப்படிப்பட்ட நாளில் எல்லாம் உருகிவிடும். எத்தனாலில் இருக்கும் படிவுக்கு ஒரு ஐஸ் பெட்டியே போதும். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மதிப்புள்ள சாம்பிள்களை அரைத்து இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடுவது புத்திசாலித்தனம். நிறுத்தக்கூடாத இடம், எத்தனால் வடித்த பிறகு தண்ணீரில் கரைக்கும் வரை.

காலம் (column, சவ்வு வைத்த சின்ன வடிகுழாய்) கிட்டோடு ஒப்பிட்டால்? சிலிக்கா காலம் கிட்டில் ஃபீனால் வாசமில்லை, டி.என்.ஏஸை காலத்திலேயே போடலாம், முதல் முறை செய்யும் மாணவர்களுக்கு நல்ல முடிவு வரும். சாம்பிளுக்கு ஆகும் செலவு டிரைசாலைவிடக் கூடுதல், அதிகத் திசு போட்டால் காலம் அடைத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்து, டிரைசாலில் அரைத்து, மேல் நீரை எத்தனாலோடு காலத்தில் ஏற்றினால் இரண்டின் நல்லதும் கிடைக்கும். வாய்ப் புற்று வேலைக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கென்று விற்கும் விலை கூடிய கிட்டை விற்பனைப் பிரதிநிதி தள்ளப் பார்ப்பார். அது 200க்குக் கீழான சின்ன ஆர்.என்.ஏ.க்களைப் பிடித்து வைப்பதற்கு. நமக்கு வேண்டியதோ 200க்கு மேல். சாதாரணக் காலமே போதும்.

பிளாஸ்மாவுக்கு டிரைசால் எல்.எஸ்.சில் 0.25 மில்லி சாம்பிளுக்கு 0.75 மில்லி. இ.டி.டி.ஏ. டியூப்பில்தான் ரத்தம் எடுக்க வேண்டும், ஹெப்பாரின் பி.சி.ஆரைக் கெடுக்கும். சிவப்பணு உடைந்து பிளாஸ்மா சிவந்திருந்தால் அந்த சாம்பிளை எடுக்காதீர்கள். பாரஃபின் பிளாக்கில் ஃபார்மலின் ஆர்.என்.ஏ.வைப் புரதத்தோடு பூட்டிவிட்டது, புரோட்டீனேஸ் கே உள்ள தனிக் கிட் வேண்டும், பிரைமர் பெருக்கும் துண்டையும் 60 முதல் 80 கார இணைக்குள் (base pair) வைக்க வேண்டும். நோயாளிக்கான பரிசோதனையாக இதுவரை வந்த நீள் ஆர்.என்.ஏ.க்களில் பெயர் பெற்றது பி.சி.ஏ.3, புராஸ்டேட் புற்றுக்கு. அமெரிக்க எஃப்.டி.ஏ. 2012இல் அனுமதித்த அந்தச் சிறுநீர்ப் பரிசோதனை ஃபீனாலைத் தொடுவதே இல்லை, காந்த மணியில் நேரடியாகப் பிடிக்கிறது. டிரைசாலில் எடுத்த எண்ணை வைத்து எந்த நோயாளிக்கும் சிகிச்சை முடிவு எழுதக்கூடாது. இது ஆய்வுக்கான பொருள், அட்டையிலும் அப்படியே இருக்கிறது.

எண்ணைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. மாலட்1 கூடியிருந்தால் கெட்டது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எலியில் அந்த ஜீனையே நீக்கினாலும் எலி சாதாரணமாக வாழ்ந்தது என்று 2012இல் தெரிந்தது. மார்பகப் புற்றில் அதைக் குறைத்தால் பரவல் குறைந்தது என்று 2016இல் ஒரு குழுவும், அது பரவலைத் தடுக்கிறது என்று 2018இல் இன்னொரு குழுவும் சொல்லின. அளவு கூடிக் குறைவதை வைத்துக் காரணம் சொல்லிவிட முடியாது. இன்னொன்று, கட்டிக்குப் பக்கத்தில் எடுத்த துண்டை இயல்பான திசு என்று வைத்துக்கொள்வது. இருபது முப்பது வருடம் புகையிலை அடக்கிய கன்னத்தில் கட்டிக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் சவ்வும் மாறியிருக்கும். முடிந்தால் எதிர்ப்பக்கக் கன்னத்திலோ, பல் பிடுங்க வருபவர்களில் புகையிலை போடாதவர்களிடமோ ஒப்பீட்டுத் திசு கேளுங்கள். மாறாத அளவுகோலாக வைக்கும் ஒப்பு ஜீனாக, சர்க்கரையை உடைக்கும் நொதிக்கான ஜி.ஏ.பி.டி.எச். ஒன்றை மட்டும் வைக்காதீர்கள், கட்டியில் சர்க்கரைச் செலவு கூடுவதால் அதுவும் கூடும். குறைந்தது இரண்டு ஜீன் வேண்டும்.

ஆபத்து பற்றி அழுத்தமாகவே சொல்கிறோம். ஃபீனால் தோலில் பட்டால் முதலில் வலிக்காது, வெள்ளையாக மரத்துப்போகும், பிறகுதான் புண். உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, பாலிஎத்திலீன் கிளைக்கால் 300 அல்லது 400 இருந்தால் அதை வைத்துத் துடைத்து, டாக்டரிடம் போக வேண்டும். நைட்ரைல் உறை, கண்ணாடி, ஃபியூம் ஹுட் இல்லாமல் பாட்டிலைத் திறக்கவே கூடாது. குளோரோஃபார்ம் பாலிஸ்டைரீனைக் கரைக்கும், பாலிபுரொப்பிலீன் டியூப் மட்டுமே. இன்னும் பெரிய ஆபத்து பிளீச்சிங். ஆர்.என்.ஏஸை அழிக்கிறேன் என்று டிரைசால் சிந்திய மேசையில் பிளீச் ஊற்றுவது பல இடத்தில் பழக்கம். குவானிடின் தயோசயனேட்டோடு பிளீச் சேர்ந்தால் நச்சு வாயு வரும். டிரைசால் கழிவு டப்பா தனி, பிளீச் டப்பா தனி, இரண்டும் ஒரே அலமாரியில்கூட வேண்டாம். கழிவைச் சிங்கில் ஊற்றினால் அது நம் வாய்க்காலுக்குத்தான் போகும், அந்தத் தண்ணீர்தான் வயலுக்கும் போகிறது. மூடிய கண்ணாடிப் பாட்டிலில் சேர்த்து, உரிமம் பெற்ற ரசாயனக் கழிவு நிறுவனத்திடம் கொடுக்கும் செலவை ஆய்வுத் திட்ட பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள்.

வாங்கும்போது 200 மில்லிக்கு ஆசைப்படாதீர்கள். மாதம் பத்து சாம்பிள் செய்யும் ஆய்வகத்துக்கு 100 மில்லியே ஏறக்குறைய ஒன்பது, பத்து மாதம் வரும். பாட்டில் வந்ததும் பெட்டியைத் திறந்து நிறம், மூடியின் கசிவு, காலாவதித் தேதி மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் ரசீதில் கையெழுத்துப் போட வேண்டும். திறந்த அன்றே 25 மில்லி 25 மில்லியாக, மூடி இறுகும் பாலிபுரொப்பிலீன் டியூப்பில் பிரித்து, திறந்த தேதி எழுதி ஃபிரிட்ஜில் வையுங்கள். தாய்ப் பாட்டிலைத் தினமும் திறப்பதால்தான் அது சீக்கிரம் பழுப்பேறுகிறது.